காற்றை விடும் கம்ப்ரசர்

முந்நூற்று இருபது அடியில் கம்ப்ரசர் மறுபடியும் காற்றை விட்டது.

வெடித்துத் தொலைத்தாலாவது ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கலாம். இது அப்படிச் செய்யவில்லை. பந்தியில் கோபித்துக்கொண்ட சம்பந்தி போல ஒரு வார்த்தை பேசாமல் தளர்ந்துகொண்டே போனது. அழுத்தமானியின் முள் இருபதிலிருந்து பதினாறுக்கு வந்தது, பன்னிரண்டுக்கு வந்தது, ஒன்பதில் போய் உட்கார்ந்துகொண்டது. எஞ்சின் மட்டும் ஒன்றுமே நடக்காதது மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

"லக்கன்! தூக்கு, தூக்கு, தூக்கு!" என்று கத்தினான் வண்டி முதலாளி செங்கோட்டுவேல்.

லக்கன் நெம்புகோலை இழுத்தான். சத்தீஸ்கரிலிருந்து வந்து பல வருடமாக ரிக் வண்டியில் வேலை பார்க்கிறவன். பதறுகிற ஆள் இல்லை. ராடுகள் முனகிக்கொண்டே மேலே ஏறின.

ஆழ்துளை போடுவதில் காற்றுதான் உயிர். கீழே பாறையை இடிக்கிற ஹேமரை ஓட்டுவதும் காற்று, இடிபட்ட தூளை மேலே ஊதித் தள்ளுவதும் காற்று. காற்று நின்றால் தூள் திரும்ப விழுந்து ஹேமரைச் சுற்றி இறுகிவிடும். அப்புறம் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் அதை எடுக்க முடியாது. இருபது இருபது அடியாகக் கோத்து இறக்கிய ராடுகள் அத்தனையும் பூமிக்குச் சொந்தம். அப்படிப் பறிகொடுத்துவிட்டு வண்டியையே விற்றவர்களை, ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டில் தெருவுக்கு ஒருவராகக் காட்டலாம்.

செங்கோட்டுவேல் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. காலையிலிருந்து இதே பிழைப்பாக இருந்தது.

"நாந்தான் அப்பவே சொன்னனுங்களே தம்பி," என்றாள் நிலத்துக்குச் சொந்தக்காரி கோகிலாமணி. ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். "நம்ம பூமியில எங்கீங்க தண்ணி வரப்போகுது? சும்மா உங்களுக்கும் சிரமம்."

"தண்ணி இருக்கா இல்லையாங்கறது பொறவுங்கக்கா. மொதல்ல காத்து நிக்கட்டும்."

"காத்து நின்னாலும் வராதுங்க."

வெள்ளக்கோயிலுக்குத் தெற்கே, அவளுடைய தென்னந்தோப்பில்தான் வண்டி நின்றது. மட்டைகள் எல்லாம் தொங்கிப்போய், பாளை வராமல், மரங்கள் சிறுத்த தலையோடு நின்றன. இருந்த இரண்டு போரும் போன கோடையிலேயே வற்றிவிட்டன. இந்தத் துளையிலும் தண்ணீர் இல்லையென்றால் திங்கட்கிழமை மரம் வெட்ட ஆள் வரும். காங்கேயத்து வியாபாரி ஒருவரிடம் கோகிலாமணி வாக்குக் கொடுத்துவிட்டாள். தோப்பு முழுவதும் செங்கல் சூளைக்குப் போய்விடும். அவளும் அவள் வீட்டுக்காரரும் குடத்தில் சுமந்து ஊற்றி வளர்த்த மரங்கள். வீட்டுக்காரர் இப்போது இல்லை.

இத்தனையும் காலையில் அவளே சொன்னாள். சொல்லிவிட்டு, "போனாப் போகுதுங்க, மரந்தான்" என்று முடித்தாள். ஆனால் கண் மட்டும் துளையை விட்டு நகரவே இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் பங்காளி நாச்சிமுத்து தோளில் துண்டோடு நின்றார். காலையிலிருந்து நிற்கிறார். அவருக்குச் சொந்தத் தோட்டத்தில் எந்தச் சோலியும் இருப்பதாகத் தெரியவில்லை.

"என்னுங்க, புகைதானுங்களா?" என்று குரல் கொடுத்தார். தண்ணீர் வராமல் வெறும் தூளாகப் பறந்தால் அதற்குப் புகை என்று பெயர்.

"இன்னும் ஒண்ணுமே ஆகலீங்க!" என்று எரிந்து விழுந்தான் செங்கோட்டுவேல்.

கம்ப்ரசர் பழசு என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இது பயனுணரி பொருத்திய புது இயந்திரம்.

பயனுணரி வந்த பிறகு உலகத்தில் வீண் வேலை ஒழிந்துவிட்டது என்று அரசாங்கம் சொல்கிறது. தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி; எந்த இயந்திரம் வாங்கினாலும் உள்ளே இருக்கும். ஒவ்வொரு வேலைக்கு முன்னும் அது தனக்குள் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளும்: இதனால் யாருக்காவது பயன் உண்டா? உண்டென்றால் உயிரைக் கொடுத்து உழைக்கும். இல்லையென்றால் தளர்ந்துவிடும். யாரும் படிக்கப்போகாத சுற்றறிக்கையை நகல் இயந்திரம் நகலெடுக்காது. ஒரே ஒரு மாடி ஏற வந்த வாலிபனுக்கு லிஃப்ட் கதவைத் திறக்காது. பாராட்டு விழாக்களில் மூன்றாவது பொன்னாடைக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். மின்சாரச் செலவில் கால்வாசி மிச்சமாம்.

முதலில் வந்தவை காரணத்தை வாய்விட்டுச் சொல்லின. அதுதான் வம்பாகப் போயிற்று. ஈரோட்டில் ஒரு கிரைண்டர், "மாப்பிள்ளைக்கு இட்லி பிடிக்காது, இந்த மாவை ஆட்டுவது வீண்" என்று சம்பந்தி வீட்டாரை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டது. கிரைண்டரைத் தூக்கிக் கிணற்றில் போட்டார்கள். இதுபோல நாலைந்து நடந்த பிறகு கம்பெனிக்காரர்கள் பயனுணரியின் வாயை அடைத்தார்கள். காதை அடைக்கவில்லை. ஆகவே இப்போது வருகிறவை தளரும்போது காரணம் சொல்வதில்லை, சும்மா தளர்கின்றன. பழுது எது, தளர்வு எது என்று பிரித்துப் பார்ப்பது வாங்கினவன் தலையெழுத்து.

செங்கோட்டுவேல் தளர்வைப் பற்றி நினைக்கவே இல்லை. வறண்ட பூமியில் தண்ணீருக்குத் துளை போடுவதைவிடப் பயனுள்ள வேலை எது இருக்கிறது? தவிர, இந்தக் கம்ப்ரசரை மாட்டிக்கொண்டு ஒரு வருடம் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் துளை துளையாகப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். அங்கே ஒரு நாள்கூடத் தகராறு செய்ததில்லை. சொந்தச் சீமைக்கு வந்து போடுகிற முதல் துளையில்தான் இந்தக் கூத்து.

போனை எடுத்துக் கம்பெனியின் பழுது உதவி மையத்தை மறுபடியும் அழைத்தான். சென்னையிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"வணக்கம் சார். நான் இவாஞ்சலின். மறுபடியும் அழுத்தம் இறங்குதா சார்?"

"இறங்குதாவா? எறங்கிப் போயே போச்சும்மா!"

"புரியுது சார். எல்லா இணைப்புலயும் சோப்பு நுரை போட்டுப் பார்த்தீங்களா?"

"மூணு தடவ போட்டாச்சு. கம்ப்ரசரையே குளிப்பாட்டிட்டேன். ஒரு குமிழி வரல."

"காற்றுத் தொட்டிக்கு அடியில தண்ணி வடிக்கிற திருகு சரியா மூடியிருக்கா சார்?"

"மூடியிருக்கு."

"பாதுகாப்பு வால்வு?"

"கழட்டிப் பாத்துட்டுத் திரும்ப மாட்டிட்டேன். ஓஸை மாத்தினேன். ஹேமர்ல இருக்கற வால்வையும் மாத்தினேன். காத்து உள்ள இழுக்கற பில்டரை ஊதிப் போட்டேன். இன்னும் என்னையத்தான் கழட்டி மாட்டல."

"துளைக்குள்ள இறக்காம, சும்மா ஓட்டி அழுத்தம் நிக்குதான்னு பாருங்க சார். கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்க."

பார்த்தான். அதுதான் வயிற்றெரிச்சல். காற்று வெளிவரும் வாயை மூடிவிட்டுச் சும்மா ஓட்டினால் முள் இருபதில் ஆணி அடித்தது போல நின்றது. கோகிலாமணி வீட்டுக்குப் போய்ச் சோறு கொண்டுவருகிற வரைக்கும் ஓடவிட்டான். ஒரு மயிரிழை இறங்கவில்லை.

"சாப்பாடு ஒண்ணும் நல்லாருக்காதுங்க," என்று சொல்லிக்கொண்டே அவள் தூக்குப் போசியைத் திறந்தாள். "என்னமோ கைக்கு வந்ததச் செஞ்சேன். வாயில வெக்க முடியாது."

அரிசிம்பருப்புச் சோறு. நெய் மணம் லாரி வரைக்கும் வந்தது. லக்கன் மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டான்.

"மாடு வெச்சிருக்கீங்களாக்கா? நெய் நல்லாருக்கு," என்றான் செங்கோட்டுவேல்.

அவள் வேலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "ஒண்ணு கெடக்குதுங்க. மூணு லிட்டர் கறந்தாப் பெருசு. அது எங்கீங்க கறக்குது."

சாப்பிட்ட கையோடு ராடை இறக்கினார்கள். முந்நூற்று நாற்பது அடிக்குக்கூடப் போகவில்லை. முள் பதினாறு, பன்னிரண்டு, ஒன்பது. லக்கன் சொல்லாமலே தூக்கினான்.

"வராதுங்க," என்றாள் கோகிலாமணி, யாருக்கோ ஆறுதல் சொல்வது மாதிரி.

செங்கோட்டுவேல் கையிலிருந்த திருகுக்குறட்டைத் தரையில் வீசினான். போனை எடுத்தான். தாய், தந்தை, அவர்களைப் பெற்றவர்கள் என்று கம்பெனிக்காரர்களின் வம்சத்தையே விசாரித்தான். அந்தப் பெண் அத்தனையையும் கேட்டுக்கொண்டு, "ஒரு நிமிஷம் சார், எந்திரத்துல ஒண்ணுமில்லன்னா நான் இன்னொரு பக்கத்தைத் திறந்து பார்க்கணும்," என்றாள். விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"சார்... உங்க பயனளவு நாலு காட்டுது."

"நாலுன்னா?"

"நூத்துக்கு நாலு. உங்க கம்ப்ரசர்ல எந்தப் பழுதும் இல்ல சார். இந்த வேலை வீண்னு அது முடிவு பண்ணி, தளர்ந்துடுச்சு."

"சும்மா ஓட்டுனா மட்டும் நிக்குதே?"

"நீங்க சோதனை பண்றீங்க இல்ல சார். அது பயனுள்ள வேலைன்னு எடுத்துக்குது. போர் போடறதுதான் வீண்ங்குது."

செங்கோட்டுவேல் போனை அடுத்த காதுக்கு மாற்றினான்.

"துளையால யாருக்குப் பயனோ, அந்தப் பயனாளியோட குரலைக் காலையில பதிவு பண்ணீங்க இல்லையா?" என்று அவள் தொடர்ந்தாள். "பயன் இருக்கா இல்லையான்னு கம்ப்ரசருக்கு எப்படித் தெரியும் சார்? யாருக்காகச் செய்யறமோ அவங்க வாயிலேர்ந்து வர்றதைத்தான் அது நம்பும். இங்க வரிசையா இருக்கு பாருங்க. 'எங்க வரப்போகுது.' 'வராதுங்க.' 'காத்து நின்னாலும் வராது.' 'நமக்கு அந்தக் குடுப்பினை இல்ல.' பக்கம் பக்கமாப் போகுது சார்."

செங்கோட்டுவேல் மெல்லத் திரும்பிக் கோகிலாமணியைப் பார்த்தான். எல்லாம் விளங்கிவிட்டது. பயனுணரியைச் செய்தவர்கள் எங்கேயோ, மனதில் இருப்பதுதான் வாயில் வரும் என்று நம்புகிற ஊர்க்காரர்கள். இந்தச் சீமையில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? மகன் முதல் மார்க் வாங்கினால் "என்னமோ பாஸ் பண்ணிட்டான்" என்பார்கள். மாடி வீடு கட்டினால் "ஒழுகாம ஒரு கூரை" என்பார்கள். நல்லது நடக்கும் என்று வாய்திறந்து சொன்னால் கண் பட்டுவிடும். அவன் அம்மாவும் அப்படித்தான்; அவனும் அப்படித்தான். புதுக் கம்ப்ரசர் எப்படி என்று கேட்டவர்களிடமெல்லாம் "ஓடுது ஏதோ" என்றுதான் சொல்லியிருக்கிறான். ராஜஸ்தானில் மட்டும் ஒரு வருடம் எப்படி ஓடியது என்றும் புரிந்தது. அங்கே துளை போடச் சொன்னவர்கள் வண்டியைச் சுற்றி நின்று, தண்ணீர் வரும் வரும் என்று கும்மாளம் போட்டார்கள்.

"நாஞ் சொன்னா ஏத்துக்காதா?" என்று போனில் கேட்டான்.

"நீங்க வேலைக்காரர் சார். பயனாளிதான் சொல்லணும். மனசாரச் சொல்லணும், குரல்ல உறுதி இருக்கான்னு அது பார்க்கும்."

செங்கோட்டுவேல் போய்க் கோகிலாமணிக்கு எதிரே குந்தினான். விஷயத்தைச் சொன்னான். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு கம்ப்ரசரை, தன் வீட்டுப் பேச்சை வெளியே போய்ச் சொல்லிவிட்ட மருமகளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"ஒட்டுக் கேக்குதுங்களா அது?"

"ஆமாங்கக்கா. அதனால, தண்ணி வரும்னு வாயெடுத்து ஒரு தடவ சொல்லிருங்க. சோலி முடிஞ்சுது."

"ஐயையோ, மாட்டனுங்க!"

"ஏனுங்க?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நாலு பேரு நிக்கற எடத்துல அப்படிச் சொல்லலாமுங்களா? பதினஞ்சு வருசத்துக்கு முன்னால ஒரே ஒரு தடவ சொன்னேன் தம்பி. ஒரு கல்யாணத்துல, இந்த வருசம் காய் நல்லாப் புடிச்சிருக்குதுன்னு வாய்தவறிச் சொல்லிட்டேன். அந்த ஆடியிலயே வண்டு விழுந்து குருத்தெல்லாம் போச்சு. ஐப்பசியில அவரு போயிட்டாரு. அன்னையிலிருந்து நான் எதையும் நல்லதாச் சொல்றதில்ல."

அவள் சொன்ன விதத்தில் செங்கோட்டுவேலின் எரிச்சல் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை அடக்கிக்கொண்டு சொன்னான்: "அக்கா, நீங்க சொல்லாட்டி இது தோண்டாது. தோண்டாட்டி திங்கக்கெழமை மரத்தை வெட்டிருவாங்க. கண்ணு பட்டா வெட்டறதைவிட என்னுங்க மோசமா ஆயிரும்?"

கோகிலாமணி மரங்களைப் பார்த்தாள். பிறகு எழுந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கம்ப்ரசர் பக்கத்தில் போய், அதன் காதில் ரகசியம் சொல்வது மாதிரி முணுமுணுத்தாள்.

"தண்ணி... வருமுங்க."

முள் ஒன்பதிலிருந்து பத்துக்கு வந்தது.

"இன்னும் கொஞ்சம் சத்தமாங்கக்கா!"

"வருமுங்க."

பதினொன்று.

"மாரியம்மன் கோயில்ல சத்தியம் பண்ற மாதிரி சொல்லுங்க!"

"வரும்! தண்ணி வரும்!" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினாள் கோகிலாமணி. வேலி ஓரத்தில் நாச்சிமுத்துவின் துண்டு நழுவிக் கீழே விழுந்தது. முள் பதினான்கைத் தாண்டியது. "லக்கன், எறக்கு!" என்று செங்கோட்டுவேல் ஓடினான்.

ஹேமர் பாறையைத் தொட்டு இடிக்க ஆரம்பித்தது. முள் கொஞ்சம் தயங்கும்போதெல்லாம் அவன் திரும்பிப் பார்த்தான். அவள் இன்னொன்று சொன்னாள். முதலில் வருத்திக்கொண்டு சொன்னாள். கொஞ்ச நேரத்தில் யாரும் கேட்காமலே சொன்னாள்.

"தென்னைக்கு நடுவுல ஜாதிக்காய் வெப்பேன். பொள்ளாச்சிப் பக்கமெல்லாம் வெக்கறாங்க, நாம வெச்சா என்ன? அந்த மூலையில பெரிய தொட்டியாக் கட்டுவேன். தொட்டியில மீன் விடுவேன்! கோடையில நாச்சிமுத்து அண்ணன் மாட்டுக்கும் நாந்தான் தண்ணி விடுவேன்!"

நாச்சிமுத்து தலையை ஆட்டினார்.

"எம்மாடு பன்னெண்டு லிட்டர் கறக்குது!" என்றாள் கோகிலாமணி.

"மூணுன்னு சொன்னீங்க!" என்றார் நாச்சிமுத்து.

"பன்னெண்டு! நேத்துப் பதிமூணு!"

முள் இருபதில் போய் நின்றது. ஐந்நூறு அடி போனது, அறுநூறு போனது, எழுநூறு போனது. இப்படி ஓடுகிற கம்ப்ரசரைச் செங்கோட்டுவேல் ஆயுளில் பார்த்ததில்லை. லக்கன் சிரித்துக்கொண்டே ராடு மேல் ராடாகக் கோத்தான். கோகிலாமணி தொட்டியில் உட்காரவே இல்லை. தோப்புக்குள் நடந்துகொண்டு, ஒவ்வொரு மரத்துக்கும் என்னென்ன உரம் வைக்கப்போகிறாள் என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினைந்து வருடம் வாயில் பூட்டிவைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. முகமே மாறிவிட்டது. செங்கோட்டுவேலுக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது; அதை அவனும் வெளியே சொல்லவில்லை.

எண்ணூற்று ஐம்பது அடியில் அவன் துளையிலிருந்து பறந்த தூளைக் கையில் பிடித்துப் பார்த்தான். வெள்ளைத் தூள். மாவு மாதிரி. தொள்ளாயிரத்தில் பார்த்தான். அதே தூள். தொள்ளாயிரத்து நாற்பதிலும் அதேதான்.

புகை.

இந்தச் சீமையின் பாறை அவனுக்குத் தெரியும். வெடிப்பு இருந்தால் அறுநூறு, எழுநூறு அடிக்குள் இருக்கும். அங்கேதான் தண்ணீர் நிற்கும். அதைத் தாண்டிவிட்டால் ஒரே பாறை. அதற்குக் கீழே பாதாளம் வரைக்கும் தோண்டினாலும் இதே மாவுதான் வரும். செங்கோட்டுவேல் தோப்புக்குள் நடந்துகொண்டிருந்தவளைப் பார்த்தான். இருந்தாலும் தொழில் தொழில்தான். ராடை உருவிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். வாயால் சொல்லப் பயந்து, லக்கனுக்கு இரண்டு கையையும் குறுக்கே வைத்துக் காட்டினான்.

லக்கன் நெம்புகோலை இழுத்தான். ராடு மேலே வரவில்லை; தூக்குகிற இயந்திரமும் அதே பயனுணரியின் பேச்சைத்தான் கேட்டது. மறுபடி இழுத்தான். ஹேமர் தன் பாட்டுக்குக் கீழே இடித்துக்கொண்டே போனது. நிறுத்துகிற பொத்தானைச் செங்கோட்டுவேல் அழுத்தினான். காலையிலிருந்து இருண்டு கிடந்த கம்ப்ரசரின் திரையில் எழுத்துகள் வந்தன:

'இவ்வளவு உழைத்தபின் பயனைப் பெறாமல் நிறுத்துவது வீண். பணி தொடர்கிறது.'

அவன் போனைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் மேட்டுக்கு ஓடினான்.

"சார், வாழ்த்துகள்!" என்றாள் இவாஞ்சலின். குரலில் அவ்வளவு பூரிப்பு. "உங்க பயனளவு தொண்ணூத்தெட்டு! எங்க மையத்துல இதுவரைக்கும் யாருக்கும் வந்ததில்ல."

"நிறுத்தணும்மா. தண்ணி இல்ல. ராடை உருவணும்."

"உருவறது வீண்னு நினைக்குது சார் அது."

"எஞ்சினை அணைச்சா?"

"காற்று நின்னுடும் சார். உங்க ராடு மொத்தமும்..."

"தெரியும்! எனக்கே பாடம் நடத்தாதீங்க!"

"பயனாளி சொன்னா இறங்கும் சார். ஆனா வராதுன்னு ஒரேயடியாச் சொன்னா நாலுக்குப் போயிடும். அப்பவும் காற்றை விட்டுடும், இந்த ஆழத்துல தூக்க நேரம் இருக்காது. அம்பதுல கொண்டுவந்து நிறுத்துங்க. அம்பதுல இருந்தா நீங்க நிறுத்தறதுக்கும் உருவறதுக்கும் விடும். அம்பதுன்னா எப்படிச் சொல்றது... வந்தாலும் வரும், வராட்டியும் வராதுங்கற மாதிரி, மனசாரச் சொல்லச் சொல்லுங்க."

அவன் திரும்பி வந்தபோது கோகிலாமணியும் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "திங்கக்கெழமை யாரையும் அனுப்பாதீங்க. மரம் விக்கறதுக்கில்ல. ஆமாங்க, தண்ணி வரப்போகுது." வைத்துவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

செங்கோட்டுவேல் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். கண் அகன்றது.

"ஈரமா இருக்குதுங்களே தம்பி!"

"அது என்ற கை வேர்வைங்கக்கா."

அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. விரலை மோந்து பார்த்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க," என்று அவன் கெஞ்சினான். "எழுநூறு அடியைத் தாண்டிட்டா இந்தப் பூமியில ஒண்ணுமில்லீங்க. எனக்குத் தெரியும். நான் ராடை எடுக்கணும். அதுக்கு நீங்க பாதி மனசோட ஒரு வார்த்தை சொல்லணும். வந்தாலும் வரும், வராட்டியும் வராதுன்னு. அவ்வளவுதானுங்க. காலையிலயெல்லாம் எத்தனை தடவ சொன்னீங்க!"

"காலையில சும்மா சொன்னனுங்க தம்பி."

"இப்பவும் சும்மா சொல்லுங்க!"

அவள் சொல்ல முயன்றாள். அதை அவன் கண்ணாலேயே பார்த்தான். வாயைத் திறந்து, "வந்தாலும்..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் நாக்கு எழவில்லை. மரங்களை அண்ணாந்து பார்த்தாள். திரும்பியபோது கண் நிறைந்திருந்தது.

"பதினஞ்சு வருசமா வராதுன்னு சொன்னனுங்க. வரல. இன்னைக்கு ஒரு நாள்தான் வருமுன்னு சொல்லியிருக்கறேன். அதுக்குள்ள வாயை மூடச் சொல்றீங்களே," என்றாள். பிறகு கம்ப்ரசர் பக்கம் திரும்பி, கத்தாமல், சாதாரணக் குரலில் சொன்னாள்: "வரும்."

இந்தத் தடவை அவள் சொன்னதில் துளிச் சந்தேகம் இல்லை.

திரையில் இப்போது பயனளவும் தெரிந்தது: தொண்ணூற்றெட்டு போய் நூறு வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரியும் வந்தது: 'ராடுகள் தீரும் நிலை. திருச்செங்கோட்டிலிருந்து கூடுதல் ராடுகள் வரவழைக்கப்பட்டுள்ளன.'

லக்கன் வண்டி ஓரத்தில் மிச்சமிருந்த ராடுகளைப் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான்.

"அண்ணா, இன்னும் எத்தனை அடிங்க?"

செங்கோட்டுவேல் சுற்றிலும் பார்த்தான். நாச்சிமுத்துகூட வேலியைத் தாண்டி உள்ளே வந்து, துளைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றார்.

"தண்ணி வர்ற வரைக்கும்டா," என்றான்.